பள்ளத்தைக் குறைத்த வாரியம்

எங்கள் வாரியத்துக்குப் பூமிக்கு அடியில் இருப்பதெல்லாம் சொந்தம். குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய், மழைநீர்க் கால்வாய் எல்லாம் எங்கள் பொறுப்பு. பொறுப்பு என்றதும் இறங்கிப் பார்ப்போம் என்று தப்பாக நினைத்துவிடாதீர்கள். மாடியில் உட்கார்ந்துகொண்டு பொறுப்பாக இருப்போம், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் முன்பெல்லாம் நாங்கள் கொஞ்சம் மனிதர்களாக இருந்தோம். எங்காவது சாலை உள்வாங்கினால் ஓர் உதவிப் பொறியாளர் போய் எட்டிப் பார்ப்பார். "ஐயையோ!" என்பார். உடனே சாலையை மூடிவிடுவார்கள். அந்த ஐயையோதான் எங்களுடைய தொழில்நுட்பம். அது எங்கள் தலைமைப் பொறியாளருக்கு, சீஃப் என்று எல்லாரும் கூப்பிடும் அந்த மனிதருக்கு, பிடிக்காமல் போயிற்று. "உலகம் எங்கேயோ போயிட்டிருக்கு, நாம இன்னும் ஐயையோவிலேயே நிக்கிறோம்" என்று ஒரு கூட்டத்தில் மேஜையைத் தட்டினார். அப்படித் தட்டியதில் வந்து சேர்ந்ததுதான் அந்த ஆட்-இன்.

மேப் போடுகிற மென்பொருளோடு ஒட்டிக்கொள்கிற ஒரு சின்ன மென்பொருள் அது. சாதாரண மேப்பில் வீடும் தெருவும்தான் தெரியும். இதைச் சேர்த்துக்கொண்டால் அந்த வீட்டுக்கும் தெருவுக்கும் அடியில் இருக்கிற மண் அடுக்கு, குழாய், பொந்து எல்லாம் படமாகத் தெரியும். நல்ல பொருள். அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. கோபமெல்லாம் அது வந்து இறங்கிய அன்றே சீஃப் போட்ட உத்தரவின் மேல்தான். இனிமேல் ஆட்-இன் படம் இல்லாமல் எந்தச் சாலையையும் யாரும் மூடக் கூடாதாம். அதைத் திறந்து ஓட்டத் தெரிந்தவர் வாரியத்தில் ஒருவர்கூட இல்லை என்பது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை.

ஓட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் வரைபடப் பிரிவில் இருப்பவள். எனக்குத் தெரியும் என்பதற்காக என்னிடம் கொடுக்கவில்லை. என் கம்ப்யூட்டர் ஒன்றுதான் பாதியில் நின்றுபோகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலை 'தொடங்குவது எப்படி' என்ற வழிகாட்டியின் முதல் பக்கத்தில் நான் முழித்துக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, உங்க ஆபீஸ்ல ரோட்டை யாரு மூடுவாங்க?"

"ஏன்க்கா, என்ன ஆச்சு?"

"நேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்த வாசக்கதவு இன்னிக்கு சாத்தவே மாட்டேங்குது. நிலை கோணிக்கிட்டு நிக்குது. வெளிய வந்து பார்த்தா ரோடு நடுவுல தட்டு மாதிரி குழிஞ்சிருக்கு. லாரி போறப்பல்லாம் வீடே குலுங்குதுடி."

"ரெண்டு பேரும் உடனே வெளிய வந்துடுங்க!"

"நல்லா சொன்னே. உங்க அத்தானை நான் ஒருத்தியா எப்படிடி தூக்குவேன்?"

அத்தான் தொடை எலும்பை முறித்துக்கொண்டு, இடுப்புவரை மாவுக்கட்டோடு வாசலறைக் கட்டிலில் கிடந்தார். அக்காவைப் போல இரண்டு பங்கு இருப்பார். அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாரும் வேலைக்குப் போயாகிவிட்டது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடேன்."

"கூப்பிட்டேனே. ஏதாவது ஆச்சாம்மான்னு கேட்டான். இன்னும் ஆகலைப்பான்னேன். ஆனதும் கூப்பிடுங்கன்னு வச்சுட்டான்."

நான் சீஃபின் அறைக்கு ஓடினேன். தெருவின் பெயரைச் சொல்லி, லாரி போகிறது, உடனே மூட வேண்டும் என்றேன். அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

"சொன்னது யாரு?"

"எங்க அக்கா சார். அந்தத் தெருவுலதான் இருக்காங்க."

"அக்கா ஒரு கருவியாம்மா? நாளைக்கு இன்னொருத்தர் சித்தப்பா சொன்னாருன்னு வருவார். குடும்பத்தை வச்சு ஊரை நடத்த முடியுமா? படத்தைக் கொண்டா. அடுத்த நிமிஷம் மூடிடறேன்."

அதுவும் நியாயம்தானே என்று அப்போது எனக்குத் தோன்றியது, கேளுங்கள். நான் இங்கிருந்து ஓடிப் போனால் லாரியை யார் நிறுத்துவது? படம் ஒன்று வந்துவிட்டால் தெருவே நின்றுவிடும். போன மாதம்தான் அந்தப் பகுதி முழுக்க ஒரு கான்ட்ராக்டர் ரேடார் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தரையைத் துழாவியிருந்தார். அந்தத் தகவல் என் கம்ப்யூட்டரிலேயே யாரும் திறக்காமல் கிடந்தது. கொஞ்ச நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன்.

ஆட்-இன் சமர்த்தாக ஏறிக்கொண்டது. வழிகாட்டியில் அடுத்த வரி, 'தரைக்குக் கீழே செல்ல அனுமதி' என்ற கட்டத்தில் டிக் செய்யவும். டிக் செய்யாவிட்டால் படம் தரையோடு நின்றுவிடும், கீழே போகாது. நான் மவுஸைக் கொண்டுபோனேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் நாற்காலியைப் பிடித்து இழுத்தது.

பாதுகாப்பு அதிகாரி. ஆபீஸில் அவருக்குப் பெயர் ஹெல்மெட்.

"தொடாதீங்க மேடம்! என்ன காரியம் பண்ணப் பாத்தீங்க! அனுமதின்னு போட்டிருக்கு இல்ல? அதைக் குடுக்க வேண்டியது நான்."

"சரி சார், குடுங்க."

"தரைக்குக் கீழ யார் போனாலும் தலைக்கவசம், பூட்ஸ், இடுப்புல கயிறு. மேல ஒரு ஆள் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். விஷவாயு இருக்கான்னு பாக்கணும். அதுக்கப்புறம்தான் டிக்."

"நான் நாற்காலியிலதான் சார் உக்காந்திருக்கேன். படத்துலதான் கீழ போறேன்."

"விதியில நாற்காலின்னு ஒரு வார்த்தையே இல்ல மேடம்."

போனில் அக்காவின் செய்தி வந்து விழுந்தது: சுவரில் விரிசல், கட்டில் பக்கமாக ஓடுகிறது. சண்டை போட்டால் இன்னும் நேரமாகும். தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டேன். பூட்ஸில் காலை விட்டேன். எல்லாம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதுச் சரக்கு. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"நிஜமாவே சாக்கடைக்குள்ள இறங்குறாங்களே சார், அவங்க யாருக்கும் இதெல்லாம் இருந்து நான் பார்த்ததில்லையே?"

"அவங்க கான்ட்ராக்ட் ஆளுங்க மேடம். விதி வாரிய ஊழியர்களுக்குத்தான்" என்றார், எனக்கு வாரியத்தின் அருமையை உணர்த்துகிற குரலில்.

வாயு அளக்கும் கருவியை மானிட்டருக்கு முன்னால் கொஞ்ச நேரம் பிடித்தார். அது சும்மா இருந்தது. என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். ஆள் பற்றாக்குறையாம், மேலே நிற்க வேண்டிய ஆளும் அவர்தானாம். "நீங்க மேல வர்ற வரைக்கும் இந்தக் கயித்தை நான் விடக் கூடாது, தெரியுமில்ல?" என்று சொல்லிவிட்டு டிக் செய்ய அனுமதி கொடுத்தார்.

டிக் விழுந்தது. அதே நேரம் சீஃபின் அறையிலிருந்து ஆள் வந்தார். வாரியம் முதன்முறையாகத் தரைக்குக் கீழே போகிறது, அதை ஓர் ஊழியர் தனியாகச் செய்வதா? எல்லாரும் பார்க்கும்படி கூட்ட அரங்கில், பெரிய திரையில் நடக்க வேண்டும். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான் முன்னால், கயிறு நடுவில், ஹெல்மெட் பின்னால்.

அரங்கில் பூங்கொத்தும் மைக்கும் தயாராக இருந்தன. சாலையை மூட ஆளில்லாத ஆபீஸில் பூங்கொத்து வாங்க மட்டும் எங்கிருந்துதான் ஆள் வருமோ! சீஃப் மைக்கைப் பிடித்தார்.

"இத்தனை வருஷமா கீழ என்ன இருக்குன்னு தெரியாமலேயே இந்த ஊரை நாம வெற்றிகரமா நடத்தியிருக்கோம். இது சாதாரண விஷயமா? தெரிஞ்சதுக்கப்புறம் எவ்வளவு நல்லா நடத்துவோம், யோசிச்சுப் பாருங்க! சில பேர் கேக்கறாங்க, நீங்க ஏன் நேர்ல போய்ப் பாக்கறதில்லைன்னு. நான் சொல்றேன், நேர்ல போனா ஒரு இடத்தைத்தான் பாக்க முடியும். போகாம இருந்தா எல்லா இடத்தையும் சமமா பாவிக்கலாம்."

கைதட்டல். என் போன் மடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது. மேஜைக்கு அடியில் எடுத்துப் பார்த்தேன். 'ஒரு தண்ணி லாரி போச்சு. சுவர்ல இருந்து காரை விழுது. எங்கடி இருக்கே?'

மண்ணைச் சோதிக்க ஊரில் அங்கங்கே போட்டிருந்த துளைகளின் தகவலை அவசர அவசரமாக ஏற்றினேன். அவசரத்தில் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். ஆழத்துக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். போடாவிட்டால் ஆட்-இன் அதை உயரம் என்று எடுத்துக்கொள்ளும். ஊர் முழுக்கத் தரைக்குள் போயிருக்க வேண்டிய துளைகள் எல்லாம் கலர் கலராகக் கம்பம் போல வானத்தை நோக்கி முளைத்து நின்றன.

அரங்கமே எழுந்துகொண்டது.

"என்ன உயரம், என்ன உயரம்!" என்றார் சீஃப். குரல் தழுதழுத்தது. "நம்ம வாரியம் இவ்வளவு தூரம் வளர்ந்திருக்குன்னு எனக்கே தெரியாது!"

"சார், அது தலைகீழா இருக்கு. ஒரு குறி விட்டுப்போச்சு. ஒரு நிமிஷம்—"

"நல்ல காரியம் நடக்கறப்ப குறுக்க பேசாதேம்மா."

போட்டோ எடுத்தார்கள். பத்திரிகைக்கு அனுப்பினார்கள். அமைச்சருக்கு அனுப்பினார்கள். நான் மறுபடி வாயைத் திறந்தபோது, அமைச்சரே பார்த்துவிட்ட படத்தை மாற்றுவதற்கு அமைச்சரிடம்தான் கேட்க வேண்டும் என்றார்கள். நான் கேட்கவில்லை. அவர்கள் காபிக்குத் திரும்பிய நேரத்தில் குறியைப் போட்டேன், ரேடார் தகவலையும் சேர்த்தேன், அக்காவின் தெருவுக்குப் படத்தை நகர்த்தினேன்.

கம்பங்கள் எல்லாம் சரசரவென்று பூமிக்குள் இறங்கின. தெருவின் தோல் விலகியது. அடியில் பெரிய சாக்கடைக் குழாய் உடைந்து கிடந்தது. அதைச் சுற்றி மண் கரைந்துபோன இடமெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. கறுப்பு தெருவின் அகலத்தைத் தாண்டி, வலதுபக்கத்து வீடுகளுக்கு அடியிலும் போயிருந்தது. அக்காவின் வாசலறை அந்தக் கறுப்புக்கு நேர் மேலே இருந்தது.

"ஐயையோ!" என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். சீஃப்தான்.

அந்த ஒரு நொடி எனக்கு உயிர் வந்தது. பழைய வழக்கப்படி அடுத்து சாலையை மூட வேண்டியதுதானே! ஆனால் அவர் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு வெட்கப்பட்டவராகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா இவ்வளவு பெருசா காட்டுது?"

நான் ஒரு மண்டு. உண்மையைச் சொன்னேன். "ஆழம் கண்ணுக்கு நல்லா தெரியணும்னு அஞ்சு மடங்கு இழுத்துக் காட்டும் சார். அது மென்பொருளோட வழக்கம்."

"அப்போ மிகைப்படுத்துது! பார்த்தீங்களா? ஜனங்களை பீதியில ஆழ்த்தற வேலை. குறை."

ஒரு மடங்குக்குக் கொண்டுவந்தேன். "இதுதான் சார் நிஜ அளவு. இதுக்குள்ளேயே ஒரு பஸ் முழுசா போயிடும். தயவுசெஞ்சு ரோட்டை—"

"அஞ்சுல இருந்து ஒண்ணு ஆக்க முடியும்னா, ஒண்ணுல நின்னுடணும்னு யார் சொன்னது? அதுக்கும் கீழ எண் இருக்கில்ல? குறை."

குறைத்தேன். என்னை எதற்குக் கேட்கிறீர்கள்? அவர் சொல்ல, என் கை செய்தது. அவ்வளவு வருஷப் பழக்கம். கறுப்பு சப்பையாகிக்கொண்டே வந்தது. குழி கிண்ணமாகி, கிண்ணம் தட்டாகி, தட்டு ஒரு கோடாகி, கோடும் தெருவின் விளிம்போடு ஒட்டிக்கொண்டது.

"இப்போ பள்ளம் எங்க?" என்றார் சீஃப்.

எல்லாரும் திரைக்குப் பக்கத்தில் போய்த் தேடினார்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். "இல்லீங்க சார்" என்றார்கள்.

சீஃப் மறுபடி மைக்கைப் பிடித்தார். "ஒரு கூடை மண்ணு கொட்டலை. ஒரு ஆளை இறக்கலை. போக்குவரத்தை ஒரு நிமிஷம் நிறுத்தலை. காபி ஆறறதுக்குள்ள ஒரு பள்ளத்தைச் சரி பண்ணியிருக்கோம்! எந்த ஊர்லயாவது இது நடந்திருக்கா? இந்த வாரத்துக்குள்ள ஊர்ல இருக்கற எல்லாப் பள்ளத்தையும் இதே மாதிரி முடிச்சுடுங்க."

கைதட்டலுக்கு நடுவே அக்காவின் அழைப்பு. எடுத்தேன். அக்கா கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினாள், அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

"ஏண்டி, கட்டிலுக்கு அடியில தண்ணி ஓடற சத்தம் கேக்குது. அத்தான் என்னைப் போகச் சொல்றார். நான் போக மாட்டேன்."

நான் எழுந்து ஓடினேன்.

"மேடம்! இன்னும் நீங்க மேல வரலை மேடம்! டிக் எடுக்கலை!" என்று கத்திக்கொண்டே ஹெல்மெட்டும் ஓடி வந்தார். கயிற்றை விட்டுத் தொலைத்திருக்கலாம். விடமாட்டார். விதி. கிடைத்த வண்டியில் நான் ஏறினேன், அவரும் ஏறினார். வழி முழுக்க என்னை மேலே வரச் சொல்லி வாதாடிக்கொண்டே வந்தார். நான் டிரைவரின் முதுகைக் குத்தாத குறை.

தெருமுனையிலேயே தெரிந்தது. சாலை நடுவில் நெஞ்சளவு இறங்கியிருந்தது. அதன் ஓரமாக லாரிகள் சர்வசாதாரணமாக நெளிந்து போய்க்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கத்திலிருந்து ஆட்களை அடைத்துக்கொண்டு ஒரு பஸ் வந்தது. நான் சரிவில் இறங்கிக் குறுக்கே ஓடினேன். கயிறு இழுத்த இழுப்பில் ஹெல்மெட்டும் சறுக்கிக்கொண்டு பின்னால் இறங்கினார்.

"சார், நீங்க அதிகாரி. அந்த பஸ்ஸை நிறுத்துங்க!"

"அதெப்படி மேடம்? ரோடு போக்குவரத்துத் துறையோடது. என் அதிகாரம் தரைக்குக் கீழதான்."

"கீழதான் சார் நிக்கிறீங்க! கொஞ்சம் சுத்திப் பாருங்க!"

பார்த்தார். நடைபாதை அவருடைய நெஞ்சுக்கு நேராக இருந்தது. காலடியில் தார் மெல்ல அசைந்தது. அந்த மனிதரின் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். வாழ்க்கையில் முதன்முறையாகத் தரைக்குக் கீழே வந்திருக்கிறார். அடுத்த நொடி, எனக்கே தெரியாத ஒரு குரல் அவரிடமிருந்து கிளம்பியது.

"நிறுத்து! பஸ்ஸை நிறுத்துய்யா! எல்லாரும் வெளிய போங்க! ஹெல்மெட் இல்லாத ஒருத்தர்கூட இங்க நிக்கக் கூடாது!"

தலைக்கவசமும் பூட்ஸும் கயிறுமாக இரண்டு பேர் நடுத்தெருவில் நின்று அலறினால் யாருக்குத்தான் பயம் வராது? பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர், கண்டக்டர், பயணிகளில் நாலைந்து பேர் இறங்கி ஓடிவந்தார்கள். கோணிப்போன கதவை உதைத்துத் தள்ளி உள்ளே போனோம். அக்கா கட்டிலின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள், தான் பிடித்தால் வீடு நின்றுவிடும் என்பது போல.

"இவளை முதல்ல இழுத்துட்டுப் போங்க, சொன்னா கேக்க மாட்டா!" என்று அத்தான் கத்தினார். யாரையும் முதலில் இழுக்கவில்லை. கட்டிலோடு அவரையும், கட்டிலைப் பிடித்திருந்த அக்காவையும் சேர்த்தே வெளியே கொண்டுவந்தோம். வாசல்படியில் கட்டில் மாட்டிக்கொண்டது. அத்தான் வலியில் அலறினார். கண்டக்டர் தோள் கொடுத்து ஒரு நெம்பு நெம்பியதும் வந்துவிட்டது.

தெருமுனை நடைபாதைக்குப் போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். பெரிய சத்தம்கூட இல்லை. தெரு சோர்ந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி உள்ளே போயிற்று. அதன் பின்னாலேயே அக்காவின் வாசலறை, ஜன்னல், அவள் துடைத்துத் துடைத்து வைத்திருந்த அலமாரி எல்லாம் சரிந்து போயின. அக்கா கட்டிலின் காலை இன்னும் விடவில்லை. நான்தான் அழுதேன்.

அக்கம்பக்கம் கூடிவிட்ட பிறகு சீஃப் வந்தார். கையில் டேப்லெட், அதில் அந்தத் தட்டையான படம். ஓரத்தில் நின்று பள்ளத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி பள்ளத்தைப் பார்த்தார். கீழே எங்கோ சாக்கடை கொட்டுகிற சத்தம் கேட்டது. அவர் என் பக்கமாகச் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"இது எத்தனை மடங்கும்மா?"

"ஒரு மடங்கு சார்."

"இதை இவ்வளவு பெருசா காட்ட யாரு அனுமதி குடுத்தது?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஆட்-இன் தெரியாது, மடங்கு தெரியாது, இவர் யார் என்றும் தெரியாது. "யாரும் காட்டலைங்க. கண்ணு இருந்தா தெரியும்" என்றாள்.

சீஃப் அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். அரங்கத்தில் சொன்ன அதே குரலில் சொன்னார்.

"குறை."

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, என் வலது கை மவுஸைத் தேடி லேசாக அசைந்தது. அந்தக் கையை அக்கா எட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் கை முழுக்க மண்ணும் காரையும் ஒட்டியிருந்தது.

"வாடி, ஆம்புலன்ஸ் வந்துடுச்சு. அத்தானைத் தூக்கணும், ஒரு கை கொடு" என்றாள்.

நாங்கள் அத்தானைத் தூக்கி உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, வண்டி திரும்பி நகர ஆரம்பித்தபோதும் சீஃப் பள்ளத்தின் ஓரத்திலேயே நின்றிருந்தார், அது குறைவதற்காகக் காத்துக்கொண்டு.